மீன்தொட்டி ஓரத்து டிரம்

மே 27, செவ்வாய்

கோபம் வந்தால் வாயை விடாமல் எழுதி வையுங்கள் என்று ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தரும் டாக்டர் சொன்னார். சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. இதுவரை ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கோபம் வராமல் இல்லை, அதையெல்லாம் ஜெபகனி மேல் இறக்கிவைத்தேன். ஜெபகனி என் மனைவி.

இன்றைய கோபம் கிங்ஸ்டன் மேல். ஜெபகனியின் தம்பி. எங்கள் மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்டும் அவன்தான், தலைவனும் அவன்தான். வண்ணார்பேட்டையில் புதிதாகத் திறந்திருக்கும் கோரல் கார்டன் என்ற உணவகத்தில் ஞாயிறுதோறும் சாயங்காலம் கச்சேரி பேசி முடித்திருக்கிறான். கீபோர்டு, கிடார், ஷெர்லியின் பாட்டு. டிரம்ஸ் கிடையாதாம்.

"அத்தான், மேடை ரொம்பச் சின்னது. மீன்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு கட்டில் போடுத இடந்தான். ஒங்க செட்டு அதுல அடங்காது. தாளத்த நான் பேடுல போட்டுக்கிடுதேன்."

பேடு! ரப்பர் சதுரத்தை விரலால் தொட்டால் உள்ளேயிருந்து எவனோ எப்போதோ வாசித்துவைத்த சத்தம் வரும். அடுத்தவன் மென்று துப்பியதை எடுத்துத் தின்பதற்குச் சமம். பகலில் மில்லில் ஃபிட்டர், சனி ஞாயிறுகளில் டிரம்மர் என்று ஆயுசைக் கழித்தவன் நான். மில் வேலை ஓய்ந்துவிட்டது. மிச்சமிருப்பது அந்த ஸ்டூலும் இரண்டு குச்சிகளும்தான்.

இதைச் சொல்லும்போது கிங்ஸ்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வர வர அவன் பேசுவதே புரிவதில்லை. உதட்டை மூடும்படி ஒரு மீசையை வளர்த்துக்கொண்டு அதற்குள்ளேயே பேசிக்கொள்கிறான். மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போன மாதக் கல்யாண வரவேற்பில் பாட்டை நடுவில் எல்லோரும் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். நான் ஒருவன்தான் ஒழுங்காகத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை பார்க்காத கூட்டத்துக்கு மேடை சின்னதாகத்தான் தெரியும். அன்று இன்னொரு கண்றாவி: பந்தியிலிருந்து எவனோ என் பெரிய டிரம்மின் ஓட்டைக்குள் கோழி எலும்பைப் போட்டிருக்கிறான். இரண்டு நாள் கழித்து நாற்றம் சொல்லித்தான் தெரிந்தது.

மே 29, வியாழன்

மேடை சின்னது என்றால் டிரம்ஸைச் சின்னதாக்க வேண்டியதுதானே.

போனில் ஒரு படம் பார்த்தேன். வெளிநாட்டு ஓட்டல்களில் இடமில்லாத மூலைகளுக்கென்றே ஒரு டிரம் இருந்திருக்கிறது. மூன்று கால்களில் நிமிர்ந்து நிற்கும் ஒரே பீப்பாய். மேல்தோலைக் குச்சியால் வாசிக்க வேண்டும். பெடலை மிதித்தால் சுத்தியல் கீழிருந்து மேல்நோக்கிப் போய் அடித்தோலை அடிக்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு சிம்பல் தட்டு. வாசிப்பவன் நின்றுகொண்டே வாசிக்கலாம், ஒரு ஆள் நிற்கும் இடம் போதும். காக்டெய்ல் டிரம் என்று பெயர்.

ஜெபகனியிடம் சொன்னேன். "கோயிலுக்குப் போற குடும்பத்துல வைக்கிற பேரா இது?" என்று கத்தினாள். வர வர இவளுக்கு எல்லாமே கத்தல்தான். பெண் பார்க்கப் போன அன்று இவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவான குரல். இப்போது எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று தெருவுக்கே தெரியும். வெட்கக்கேடு.

பழைய சாமான்களை வைத்தே செய்யப்போகிறேன். மில்லில் இதைவிட மோசமான இயந்திரங்களை ஓட வைத்தவன் நான்.

மே 31, சனி

கோயில் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சர்ச்சில் உடைந்துபோன டிரம் செட் ஒன்று மணிக்கூண்டுக்குக் கீழே சாமான் அறையில் கிடக்கிறது. திறந்து மூடுகிற கோயில்குட்டியாரிடம் சாவி வாங்கிப் போனேன். அதில் குட்டைக் கால்களில் நிற்கும் தரை டிரம்தான் எனக்கு வேண்டும்.

சீ! தோலைக் கழற்றினேன். உள்ளே எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. கிழித்த ஞானப்பாட்டுப் புத்தகத்தில் மெத்தை, அதன்மேல் மயிரில்லாத இளஞ்சிவப்புக் குஞ்சுகள், சுற்றிலும் புழுக்கை. பக்கவாட்டில் கரப்பான் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. கோயில்குட்டியார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். என்னவே என்றேன். மறுபடியும் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார். எடுத்துட்டுப் போம் என்று சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டெட்டால் போட்டு மூன்று முறை கழுவினேன். மரம் நல்ல மரம். விரலால் தட்டினால் அதிர்வு கையில் நிற்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

கோயிலில் மைக் வீணாய்ப் போய்விட்டது. எங்கள் போதகர் ஐயர் முழுப் பிரசங்கத்தையும் முணுமுணுத்தே முடித்தார். யாரும் தட்டிக் கேட்கவில்லை. சபையில் மானஸ்தன் ஒருவன்கூட இல்லை.

ஜூன் 4, புதன்

கால் தேடி மார்க்கெட் பக்கம் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். டிரம்மின் கால்கள் குட்டை. அடியில் சுத்தியல் வேலை செய்ய வேண்டுமானால் முழங்கால் உயரத்துக்குமேல் தூக்க வேண்டும். ஏதோ ஆஸ்பத்திரி மூடியபோது வந்த குளுக்கோஸ் கம்பங்கள் கிடந்தன. கச்சிதமான தடிமன். ஒன்றில் காய்ந்த பிளாஸ்திரி, அதில் பழுப்பாக ஏதோ கறை. தொடவே குமட்டியது. ஆனாலும் எடுத்தேன்.

ஜெபகனி அதை வாசலைத் தாண்ட விடவில்லை. "எத்தன சீவன் போன கம்போ, அத வச்சா பாட்டுப் படிக்கப் போறிய?" என்று கத்தினாள். பின்வாசலில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பழைய பூச்செல்லாம் உரிந்து பளபளவென்று வந்துவிட்டது. டிரம்மின் பிடிகளில் பொருத்தினேன். நிற்கிறது, ஆடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பருப்பு வேகப்போட்டிருக்கிறேன், விசில் வந்ததும் அணையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெபகனி எதிர்வீட்டுக்குப் போனாள். அடுப்புக்குப் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். விசிலே வரவில்லை. கடைசியில் புகைதான் வந்தது. இப்போதெல்லாம் குக்கர் செய்கிறவனுக்கு விசில் செய்யக்கூடத் தெரியவில்லை. தீய்ந்த பருப்பு நாற்றம் தலையணை வரை ஏறிவிட்டது.

ஜெபகனி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குக்கரைத் தேய்த்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பெடல் உட்கார்ந்துவிட்டது. என் பழைய பெடலின் சுத்தியல் தண்டை வளைத்து மேல்நோக்கித் திருப்பினேன். மிதித்தால் திரும்பி விழுவதற்குத் தையல் மிஷின் ஸ்பிரிங் ஒன்று.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்முக்குள் எப்போதும் ஒரு பழைய துண்டைத் திணிப்போம், அதிர்வு நீளாமல் இருக்க. கை பழக்கத்தில் இதற்குள்ளும் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். மிதித்தால் பெடல் செத்துப்போனது போல இருந்தது. படுத்திருக்கும் டிரம்மில் துண்டு ஓரமாகக் கிடக்கும். இது நிற்கிற டிரம். துண்டு நேராக அடித்தோலின் மேலேயே உட்கார்ந்து ஒவ்வொரு அடிக்கும் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. கால் கட்டைவிரலே சொல்லிவிட்டது. திறந்து எடுத்தேன். துண்டை ஒட்டுத்துணியாகக் கிழித்துத் தோலின் ஓரத்தில் மட்டும் ஒட்டினேன்.

இன்னும் எனக்குக் கை மறக்கவில்லை. பேடு தட்டும் பயல்களுக்கு இதெல்லாம் கனவிலும் தெரியாது.

ஜூன் 11, புதன்

கிங்ஸ்டன் வந்தான். நான்கைந்து தடவை போன் செய்தானாம், நான் எடுக்கவில்லையாம். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ரிங் ரிப்பேர்.

பின்வாசலில் டிரம்மைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்ததை நான் கவனித்தேன். சந்தோஷப்பட வேண்டியவன்! அக்காவும் தம்பியும் அடுக்களையில் கொஞ்ச நேரம் கிசுகிசுத்தார்கள். பிறகு வெளியே வந்து, "நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா அங்க சாப்பிடுதவங்க பேசணும்லா, டிரம்ஸ் சத்தம் அதிகமா இருக்கும்னு ஓனர் நினைக்காரு" என்றான்.

அன்றைக்கு இடமில்லை. இன்றைக்குச் சத்தம் அதிகம். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. "குச்சிக்குப் பதிலா பிரஷ்ல வாசிக்கேன், பூனை நடக்குத மாதிரி இருக்கும், போதுமால?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த வழுவழு பேச்சு எனக்கு எலிப்புழுக்கையைவிட அருவருப்பு.

ஜூன் 13, வெள்ளி

விளிம்பு வெடித்த பழைய தட்டு ஒன்று இருந்தது. லேத் பட்டறையில் வெடிப்புக்கு உள்ளே வட்டமாக வெட்டிச் சின்னத் தட்டாக்கினேன். டிரம்மின் ஓரத்தில் கம்பி நட்டு மாட்டினேன்.

ஏமாற்றம். வெட்டியதில் செத்துவிட்டது. செருப்பால் சுவரை அடித்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னும் பலமாக அடித்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து கையை ஆட்டினார். பொறாமை பிடித்த மனுஷன். அவர் வீட்டு நாய்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம். நாய்க்கும் பொறாமை.

ஜூன் 16, திங்கள்

இன்று கடைசி வேலை. மேல்தோலுக்கு அடியில் சுருள்கம்பிகள் கட்ட வேண்டும். குச்சி பட்டால் அவைதான் 'சர்' என்று சீறும். வழக்கமான செட்டில் அதற்கென்று தனி டிரம் உண்டு. இதில் மேலே அதுவும் கீழே பெரிய டிரம்முமாக ஒரே வயிற்றில் குடியிருக்க வேண்டும்.

என்னுடைய பழைய கம்பிகளையே கட்டினேன். சீறவில்லை. இறுக்கம் அதிகம் என்று தளர்த்தினேன். அப்போதும் சீறவில்லை. இன்னும் தளர்த்தினேன். நாள்பட்ட கம்பி, இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மைதீன் பாய் இந்தப் பக்கம் வந்தவர் நின்று கேட்டார். எங்கள் கச்சேரிகளுக்கு எப்போதும் அவர்தான் மைக் செட். நான் வாசித்து முடித்ததும், "பாய், எப்படி?" என்றேன்.

அவர் ஜெபகனியைப் பார்த்தார். ஜெபகனி அவரைப் பார்த்தாள். "மிதிக்கும்போது என்னமோ கரகரங்குது அண்ணாச்சி" என்றார்.

"ஒம்ம ஸ்பீக்கர்லயே எப்பவும் அந்தக் கரகரதான கேட்டிருக்கீரு, காது அதுக்குப் பழகிப்போச்சு" என்றேன். சிரிக்காமல் போய்விட்டார். நல்ல மனுஷன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

ஜூன் 18, புதன்

கிங்ஸ்டனிடமிருந்து மூன்றாவது சாக்கு வந்தாயிற்று. பார்க்க நன்றாயிருக்காதாம். டிரம்மைச் சுற்றிச் சிவப்பு சன்மைக்கா ஒட்டிவிட்டேன். கடைச்சரக்கு தோற்றுப்போகும். இனி என்ன சொல்வான்? என் கறுப்பு நிறம் ஓனருக்குப் பிடிக்கவில்லை என்பானா?

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் வருவதற்கு முன்னால் வந்து வாசித்துக் காட்டப்போவதாகக் கோரல் கார்டன் ஓனருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். ஓனரே சின்னப் பையன்தான், என்ன பதில் சொன்னான் என்று சரியாகத் தெரியவில்லை, கொழகொழவென்று பேசினான். சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

இது நடக்கவில்லையென்றால் இனி எனக்கு மேடையே கிடையாது. தெரிந்துதான் போகிறேன்.

ஜூன் 21, சனி

எழுதக் கை கூசுகிறது. டாக்டர் சொன்னபடி எழுதுகிறேன்.

போனோம், நானும் ஜெபகனியும் ஆட்டோவில். கிங்ஸ்டனும் ஷெர்லியும் முன்பே வந்திருந்தார்கள். மீன்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் டிரம்மை நிறுத்தினேன். அளந்து செய்தது போல உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு பரிமாறுகிற பையன் தட்டோடு தாராளமாகக் கடந்து போனான். "இடம் இல்லன்னியே மாப்ள" என்றேன்.

மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தோம். நான்கு வரி போயிருக்கும். ஷெர்லி நிறுத்திவிட்டாள். ஓனர் பையன் ஏதோ சொன்னான்.

"என்ன?"

"கரகரன்னு ஒரு சத்தம் வருது சார்."

"ஏசியா இருக்கும்" என்றேன். ஏசியை நிறுத்தினார்கள். மறுபடி வாசித்தோம். மறுபடி நிறுத்தினாள். மீன்தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாராக இருக்கும் என்றேன். அதையும் நிறுத்தினார்கள். பிறகு கிங்ஸ்டனின் ஸ்பீக்கர். பிறகு சமையலறையில் புகை இழுக்கும் விசிறி. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அணைத்தார்கள், ஒருவரும் மறுக்கவில்லை. கடைசியில் அந்தக் கட்டடத்தில் அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வேர்த்துக்கொட்டியது. நான் மட்டும் பெடலை மிதித்தேன்.

ஷெர்லி கண்ணை மூடிக்கொண்டு, "டிரம்முக்குள்ளதான் அங்கிள்" என்றாள்.

"எனக்குக் கேக்கலியே" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதும் எல்லோரும் மீன்தொட்டியைப் பார்த்தார்கள். பரிமாறுகிற பையன்கள்கூட. எனக்கு வந்த ஆத்திரத்தில், எல்லாரும் சேர்ந்து நாடகம் போடுகிறீர்கள், பேடுக்காரன் கிங்ஸ்டன் எழுதிக் கொடுத்த நாடகம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கிங்ஸ்டன் மீசைக்குள் ஏதோ முனகினான். "ஆம்பளையா இருந்தா சத்தமாச் சொல்லுல" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னான்.

"ஒங்களுக்குக் காது கேக்கல அத்தான்! ரெண்டு வருசமா கேக்கல! நாங்க நிறுத்துனது ஒங்களுக்குத் தெரியாது, கல்யாண வீட்டுல ஊரே சிரிச்சிது. ஒங்கள்ட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இடம் இல்லன்னு பொய் சொன்னேன். இடம் இருந்துச்சு. மூணு டிரம்ஸுக்கு இடம் இருக்கு இங்க!"

ஸ்பேனரை எடுத்து டிரம்மைக் கழற்றினேன். யாரும் உதவிக்கு வரவில்லை, வந்திருந்தால் அடித்திருப்பேன். ஆட்டோவில் ஜெபகனி தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

ஜூன் 23, திங்கள்

தூ.

ஜூன் 24, செவ்வாய்

ஜெபகனியிடம் கேட்டேன். "ஒனக்கும் தெரியுமா?"

"மில்லுல இருக்கும்போதே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னேன். எத்தனையோ தடவ சொன்னேன். ஒங்களுக்குக் கேக்கல." பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம்தான் கத்த ஆரம்பிச்சேன்."

இத்தனை நாள் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். குக்கர், போன், ஐயர், எதிர்வீட்டு நாய். ஊரே கெட்டுப்போய் நான் ஒருவன்தான் உருப்படி என்று எழுதி வைத்திருக்கிறேன். கூடம் கோணல் என்று கிங்ஸ்டனைச் சொன்னவன் நான். எலிக்கூட்டைக் கையால் அள்ளியபோதுகூட இவ்வளவு குமட்டல் வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காது பரிசோதனை. கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் மூடியை மாட்டினார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்றாள் அந்தப் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

முதலில் கட்டையான சத்தங்கள் சில வந்தன, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. மிஷினில் ஏதோ கோளாறு, சரி செய்கிறாள் என்று காத்திருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மிஷினை உருப்படியாக வைத்துக்கொள்ளத் தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துக் கண்ணாடியைத் தட்டினேன். "எப்பம்மா ஆரம்பிப்பிய?"

அவள் உள்ளே வந்து என் காதிலிருந்த மூடியைக் கழற்றினாள். வாயிலிருந்த முகக்கவசத்தையும் இறக்கிக்கொண்டாள், நான் உதட்டைப் பார்ப்பதற்காக.

"முடிஞ்சிருச்சு சார்."

ஜூன் 28, சனி

டிரம்மைப் பின்வாசலில் மறுபடி நிறுத்தினேன். விற்றுவிடலாம் என்றுதான் நிறுத்தினேன். விற்பதற்கு முன்னால் அந்தக் கரகரப்பு என்னதான் என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

காதை நம்பிப் பயனில்லை. பெடலை மிதித்துக்கொண்டே விரல்நகத்தை மேல்தோலின்மேல் லேசாக வைத்தேன். இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் நகத்தடியில் எறும்பு ஊர்வது போல ஒரு நடுக்கம், அடி நின்ற பிறகும் நிற்காமல். கீழே விழுகிற அடியின் காற்று நேராக மேலே போய்க் கம்பிகளை உலுக்குகிறது. நானோ சீறவில்லை சீறவில்லை என்று அவற்றைத் தளர்த்திக்கொண்டே போயிருக்கிறேன். ஒரே வயிறு என்று நானேதான் எழுதியிருக்கிறேன். எந்த டிரம்மருக்கும் முதலில் காதில் விழுந்திருக்க வேண்டிய தவறு.

ஒட்டுப்பலகையை வட்டமாக அறுத்து நடுவில் தடுப்பு வைத்தேன். அடிப்பாதிக் காற்று வெளியேற ஓரத்தில் ஒரு துளை. கம்பிகளை இறுக்கினேன். நகத்தை வைத்து மிதித்தேன், இறுக்கினேன், மறுபடி மிதித்தேன். நகம் அசையாமல் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது.

பிறகு ஜெபகனியை எதிரில் நிற்கச் சொல்லிச் சின்னத் தட்டை அடித்தேன். சத்தத்தைக் கவனிக்கவில்லை, அவள் முகத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு அடிக்கும் கண்ணை இறுக்கி மூடினாள். இந்த முகத்தைத்தான் ஷெர்லியும் இத்தனை நாள் மேடையில் எனக்கு முதுகைக் காட்டி மறைத்திருக்கிறாள். தட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். இனி அது எனக்கு வேண்டாம்.

ஜூன் 30, திங்கள்

கிங்ஸ்டன் வந்தான். மீசையை வழித்திருந்தான். உரித்த கோழி போல, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவன் பேசியதில் ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்குப் புரிந்தது.

"மன்னிச்சிருங்க அத்தான். இடம் இல்லன்னா விட்டுருவியன்னு நினைச்சேன். நீங்க எலிக்கூட்டுக்குள்ள கைய விட்டு இப்படி ஒண்ணச் செஞ்சு எடுத்துட்டு வந்து நிப்பியன்னு எனக்கென்ன தெரியும்?"

வாசித்துக் காட்டினேன். குனிந்து கேட்டான். தட்டு எங்கே என்றான். பரண்மேல் போட்டுவிட்டேன் என்றேன்.

"இந்த ஞாயிறு ரெண்டு பாட்டு. பிரஷ்ல. நான் தலைய ஆட்டுனா நிறுத்திரணும், என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். சம்மதமா?"

இவன் தலையாட்ட, நான் நிறுத்த! தொட்டிலில் கிடந்தபோது இவனுக்குக் கிலுக்கு ஆட்டியவன் நான். எரிச்சலில் வாய்வரை வந்தது. சம்மதம் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

காதில் மிஷின் மாட்டிவிட்டார்கள். போனது போனதுதான், மேல்ஸ்தாயி திரும்பி வராது, இருப்பதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் என்றாள் அந்தப் பெண்.

உலகம் இவ்வளவு அசிங்கமாகச் சத்தம் போடும் என்று மறந்திருந்தேன். பஸ்ஸில் ஒருவன் முறுக்குத் தின்றான். அவன் பல்லுக்குள் நடந்ததெல்லாம் என் காதுக்குள் நடந்தது. என் செருப்புகூடச் சத்தம் போடுகிறது. குக்கர் விசில் அடித்தபோது துள்ளி எழுந்துவிட்டேன். ஓநாய் ஊளை தோற்றது. இதைக் கேட்காமலிருந்தது ஒரு வகையில் பாக்கியம்.

மில் நாட்களிலிருந்து என்னை என்னென்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள், நான் சரி சரி என்று தலையாட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே அடுப்பை அணைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

கோரல் கார்டன். மீன்தொட்டி, நான், சுவர்.

மேஜைகள் நிறைந்திருந்தன. கரண்டிகளும் தட்டுகளும் காதுக்குள் சண்டை போட்டன. மென்று விழுங்கும் மனிதக் கூட்டத்தின் சத்தத்தைப் போல அருவருப்பானது வேறில்லை. மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஜெபகனி சமையலறைக் கதவுப் பக்கம் நின்றாள். கம்பி அதிர்ந்தால் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

முதல் பாட்டு முழுக்க இடது கை நகம் தோலின்மேல், கண் கிங்ஸ்டன் மேல். ஜெபகனி கையைத் தூக்கவில்லை. இரண்டாவது பாட்டில் ஷெர்லி என் பக்கமாகத் திரும்பி நின்று பாடினாள். எத்தனையோ நாளாக அவள் முதுகையே பார்த்தவனுக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கிங்ஸ்டன் தலையை ஆட்டினான். நிறுத்தினேன். எல்லோரும் ஒன்றாக நின்றோம்.

கை தட்டினார்கள், சிலர். ஒரு மேஜையில் மட்டும் யாரும் தலையே தூக்கவில்லை, பிரியாணியில் அவ்வளவு மும்முரம். இவர்களுக்காகவா எலிப்புழுக்கை அள்ளினேன் என்று இருந்தது. அடுத்த ஞாயிறு மூன்று பாட்டு என்றான் கிங்ஸ்டன். நாலு என்றேன்.

குனிந்து கம்பங்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், மோட்டார் சத்தத்துக்கும் கரண்டிச் சத்தத்துக்கும் அடியில், யாரோ பேசியது போலிருந்தது. மெல்லிய குரல். பெண் பார்க்கப் போன அன்று கூடத்தில் எனக்குக் கேட்காமல் போன குரல்.

"அத்தான்."

கத்தவில்லை. திரும்பினேன்.